பக்கத்து வீட்டு மிக்ஸி

ஊர் ஊராகப் பிளம்பிங் வேலை தேடிச் சிதம்பரம் வந்திருந்தேன். ஒரு வீட்டில், மாடித் தொட்டித் தண்ணீரை ஷவருக்குத் தள்ளும் பம்ப் ஓடவில்லை. ஊரிலேயே கரண்ட் இல்லை. அந்த தைரியத்தில் எந்த சுவிட்சையும் அணைக்கவில்லை. ஏணியில் ஏறி, பம்பைத் திறந்து, அறுந்திருந்த ஒயரை ஈரக் கையால் முறுக்கினேன்.

திடீரென்று பக்கத்து வீட்டில் மிக்ஸி அலறியது. கரண்ட் வந்துவிட்டது! ஒயர் என் விரல்களில் இருந்தது. விடக்கூடத் தோன்றவில்லை. ஆனால் ஒன்றும் ஆகவில்லை.

கீழே இறங்கினேன். வீட்டுக்கார அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் பியூஸ் கட்டை செருகியிருந்தது.

“நீ ஏணியில ஏறும்போதே புடுங்கிட்டேன் தம்பி. கரண்டு என்ன, உன்னக் கேட்டுட்டா வரும்?”

இப்போது பியூஸ் கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏணியில் கால் வைக்கிறேன். இருந்தும், எங்காவது மிக்ஸி ஓடினால் விரல்கள் தாமாக விரிந்துகொள்கின்றன.