கம்மி என்றால் நல்ல செய்தி

அத்தாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்டது என்று தெரிந்து, ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டில் 'கம்மி' என்றால் நல்ல செய்தி. ரத்தத்தில் பிஎஸ்ஏ என்று ஓர் அளவு பார்ப்பார்கள். நோய் ஏறினால் அதுவும் ஏறும் என்று சொல்லியிருந்தார்கள். முடிவு வரும் நாளில் அத்தா கள்ளக்குறிச்சியில் இருக்கும் தன் ஜவுளிக்கடையிலிருந்து மகள் எனக்குப் போன் போடுவார். "இன்னாம்மா, ஜாஸ்தியா கம்மியா?" கம்மி என்றால் கடையில் எல்லாருக்கும் டீ.

அப்புறம் அவர் இளைக்க ஆரம்பித்தார். சோறு இறங்கவில்லை. வலது விலாவுக்குக் கீழே வலி. மஞ்சள் காமாலைதான் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார் தியாகதுருகத்திலிருந்து வரும் வாடிக்கைக்காரர் ஒருவர். கீழாநெல்லியும் பறித்து வந்தார். ஊரில் வைத்தியம் சொல்லாத வாய் உண்டா? எனக்கு எரிச்சலாக வந்தது. அத்தா மரியாதைக்கு வாங்கி வைத்துக்கொண்டார். பிஎஸ்ஏ அப்போதும் கம்மிதான்.

புதுச்சேரியில் பார்த்த டாக்டரம்மா, ஸ்கேனில் கல்லீரல் முழுக்கப் புள்ளிகளைக் காட்டினார். "அளவு கம்மியா இருக்கே டாக்டர்" என்று சண்டைக்குப் போனேன்.

"அதுதாம்மா எனக்குப் பயமா இருக்கு" என்றார். அபூர்வமாகச் சிலருக்கு நோய் உருமாறிவிடுமாம். மாறியபின் நோய் ஏறும், அளவு ஏறாது. பழைய ஊசியும் கேட்காது. கல்லீரலிலிருந்து ஊசியால் சதை எடுத்துப் பார்த்தால்தான் எந்த மருந்து என்று சொல்ல முடியும், தள்ளிப்போட நேரமில்லை என்றார்.

அத்தா மாட்டேன் என்றார். "கம்மினு சொல்லிக்கினே எதுக்கும்மா குத்தணும்?"

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து கெஞ்சினேன், அழுதேன். கடைசியில் கோபம் வந்துவிட்டது. "அத்தா, ஒருத்தன் நல்ல பட்டுச்சேலைய ரொம்பக் கம்மி விலைக்கு கொண்டாந்தா, அப்படியே வாங்கிப்பீங்களா?"

"பிரிச்சுப் பாக்காம எப்பிடி வாங்கறது? எங்கனா கிழிஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். பிறகு எழுந்து, "வா, போலாம்" என்றார்.

டாக்டரம்மா பயந்தபடியேதான் முடிவு வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. பெற்றவரின் நோய்க்குப் பெயர் கிடைத்ததற்கு யாராவது நிம்மதிப்படுவார்களா என்று வெட்கமாகவும் இருந்தது. மருந்தை மாற்றி ஏற்றியபின் அவருக்குப் பசி திரும்பியது. அந்த நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்குக் கல்லாவில் உட்கார்ந்து, பேரம் பேச வந்தவர்களையெல்லாம் வம்புக்கு இழுத்தார். எனக்கு அவரே ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார். கலர் சகிக்கவில்லை என்று அவரிடம் சண்டை போட்டேன்.

அடுத்த பெருநாளுக்கு அத்தா இல்லை. அந்தச் சேலையைத்தான் உடுத்திக்கொண்டேன்.