வாலில் ஒரு கீறல்

"குழம்புக்குத் தம்பி" என்று மீனைக் கொடுத்தவர் வாய் மூடுவதற்குள் தனஞ்சயன் வாலில் ஒரு கீறல் போட்டுவிடுவான். பொரியல் என்றால் முதுகில் கீறல். கருவாட்டுக்கு என்றால் வயிற்றில். பிறகுதான் மீனை வரிசையில் வைப்பான்.

திருகோணமலை உள்துறைமுகக் கரையோரச் சந்தையில் மீன் வெட்டுகிற இந்த நாற்பது வயதுக்காரனுக்கு மனச்சிதைவு நோய். மாதாமாதம் ஊசி போடுகிறான். காதுக்குள் கதைத்துக்கொண்டிருந்த ஆட்கள் அதோடு அடங்கிப்போனார்கள். ஆனால் பக்கத்தில் நின்று மனிதர் சொல்வதும் தங்குவதில்லை. சீனி போடாத தேத்தண்ணி வாங்கிவா என்றால், கடை வாசலை மிதிக்குமுன் சீனியும் மறந்துவிடும், தேத்தண்ணியும் மறந்துவிடும். முகம் மறக்கமாட்டான். எந்த மீனில் எந்த முள் எப்படி வளைகிறது என்று விரல்களுக்குத் தெரியும். சொல் மட்டும் ஈரக்கையில் பிடித்த சூடை மீன் மாதிரி நழுவிவிடும். "சொன்னது நிக்காது அண்ணே, வெட்டினது நிக்கும்" என்பான், கொஞ்சமும் கூச்சமில்லாமல். என்ன மூளை பாருங்கள்!

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. முழு மீனாக வேண்டுமென்றால் எங்கே கீறுவது? போன வருடம் கிண்ணியாவிலிருந்து வரும் ரபீக்கா, மூத்த மருமகனின் விருந்துக்கென்று ஒரு பாரை மீனைக் கொடுத்து, "முழுசா வேணும்" என்று சொல்லிவிட்டு மரக்கறிப் பக்கம் போனாள். கீறல் இல்லாத மீன் எதற்கென்று அவனுக்கு விளங்கவில்லை. கேட்கவும் ஆளில்லை. குழம்புக்கே வெட்டிவிட்டான்.

"இந்த விசரன்ட கையில கத்தியக் குடுத்தது ஆரு?" என்று சந்தையே கேட்கக் கத்தினாள் ரபீக்கா.

அவன் மீன் வெட்டும் பலகையின் சொந்தக்காரர் இராசையா வேறு பாரை வாங்கிக் கொடுத்துச் சமாளித்தார். "இன்னொருக்கா நடந்தா உன்னை வச்சிருக்க ஏலாது தம்பி" என்றார். அந்தச் சொல்லையும் தனஞ்சயன் மறந்திருப்பான். அவர் பார்த்த பார்வையை மறக்கவில்லை. பாவம், வேலையில்லாமல் வீட்டில் கிடந்த காலத்தில்தான் அந்தக் குரல்கள் அவனைப் பாடாய்ப் படுத்தின. பலகை போனால் அவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள் என்ற பயம் அவனுக்கு.

நேற்று இளைய மருமகனின் விருந்தாம். மற்றப் பலகைகளில் கூட்டம். வேறு வழியில்லாமல் ரபீக்கா அவன் முன்னால் பாரையை வைத்தாள்.

"முழுசா வேணும். இந்த முறை நான் அசையமாட்டன்."

இராசையா தராசை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். கீறப் போன தனஞ்சயனின் கை அந்தரத்தில் நின்றது. மீனைப் பார்த்தான், கத்தியைப் பார்த்தான். பிறகு கத்தியை ரபீக்காவிடம் நீட்டினான்.

"ராத்தா, இதைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. முடிஞ்சாப்பிறகு தாங்கோ."

அவள் திகைத்துப்போய் வாங்கிக்கொண்டாள். அவன் செதிலைத் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டினான். செவுள் வழியாக விரல்விட்டுக் குடலை இழுத்தான். இடையில் யாரோ சூடை விலை கேட்டார்கள். அவ்வளவுதான், சொல் போய்விட்டது. கை பழக்கதோஷத்தில் கத்தியைத் தேடிப் பலகையைத் தடவியது. காணோம். நிமிர்ந்தான். கத்தி ரபீக்காவின் கையில். "ஓம், ஓம்" என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு, மறுபடி விரலைச் செவுளுக்குள் விட்டான்.

பாரை முழுசாகப் பைக்குள் போனது. இராசையா தராசுக்குத் திரும்பினார். ரபீக்கா கத்தியைத் தன் முந்தானையால் துடைத்தாள். பிடியை அவன் பக்கம் திருப்பி நீட்டினாள்.