மங்கலான இரண்டாவது கோடு

போன வருடம் மழை தொடங்கிய சமயம். என் மனைவி ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தவளின் சாப்பாட்டுப் பையில் ஒரு பூனை இருந்தது. வெள்ளையில் கறுப்புத் திட்டுகள், ஏழெட்டு மாத வயது, முதுகெலும்பை எண்ணலாம். கேண்டீனுக்குப் பின்னால் கிடந்ததாம்.

வீட்டில் ஏற்கெனவே ஆறு வயதுப் பூனை ஒன்று உண்டு. அதனால் புதியதைக் குளியலறையில் அடைத்துவிட்டு, மறுநாள் பென்னலூர் பக்கம் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம்.

அவர் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஒரு சோதனை அட்டையில் விட்டார். பூனைகளுக்கு வரும் லுகேமியா வைரஸைக் கண்டுபிடிக்கும் அட்டை. ஒரு கோடு தெரிந்தால் நோய் இல்லை. இரண்டு தெரிந்தால் இருக்கிறது. அட்டையை ஜன்னலோரம் வைத்துவிட்டு, வாசலுக்கு வந்த கன்றுக்குட்டியைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து எடுத்தபோது இரண்டாவது கோடு இருந்தது. பென்சிலால் லேசாக இழுத்ததுபோல மங்கலாக.

"பாசிட்டிவ்மா. இதுக்கு மருந்து கிடையாது, எச்சில்ல பரவும். வீட்ல இன்னொண்ணு இருக்குன்றீங்க. ஊசி போட்டு அனுப்பிடறதுதான் நல்லது."

"எங்க அனுப்புவீங்க?" என்றாள் மனைவி.

அவர் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பினார். அவள் விடவில்லை.

"லைன்ல ஒரு பார்ட் ரிஜெக்ட் ஆச்சின்னா ஒடனே தூக்கிப் போட மாட்டோம் சார். அளக்கிற கேஜைத்தான் மொதல்ல செக் பண்ணுவோம். நல்லதுன்னு தெரிஞ்ச பீஸ் ஒண்ணு தனியா வெச்சிருப்போம், அதுக்குப் பேரு மாஸ்டர். அதையும் ரிஜெக்ட் பண்ணிச்சின்னா தப்பு கேஜ் மேல."

"பூனைக்கு இன்னாம்மா மாஸ்டர்?"

"எங்க வூட்ல கீதே. ஆறு வருசமா வாசப்படி தாண்டல. நாளைக்கு இட்டாறேன்."

மருத்துவர் சிரித்துவிட்டார். "தொழிற்சாலை மாஸ்டருக்கு சர்டிஃபிகேட் இருக்கும். உங்க பூனைக்கு?"

திரும்பும் வழியில் ஷேர் ஆட்டோவில் அதையே வேறு மாதிரி நானும் கேட்டேன்: "பழசுக்கும் பாசிட்டிவ் வந்துட்டா?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தண்டலம் தாண்டிய பிறகு சொன்னாள்: "வந்தா ரெண்டும் ஒண்ணா இருக்கும். நீ வேணா பாத்ரூம்ல படுத்துக்க."

மறுநாள் இரண்டு பூனைகளையும் தூக்கிப்போனோம். முதலில் பழையதன் ரத்தம். இந்த முறை நேரத்தைக் குறித்துக்கொண்டேன். பத்திரிகையில் செய்தி மேஜையில் உட்கார்ந்த பழக்கம். பத்து நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும், பிறகு தெரிவதை நம்பக் கூடாது என்று அட்டை வந்த உறையில் அச்சிட்டிருந்தது. பத்தாவது நிமிடம் ஒரே ஒரு கோடு. மனைவி பழைய பூனையைக் கூடைக்குள் விட்டாள். மருத்துவர் அட்டையைக் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனார். நான்தான், கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றேன்.

முப்பத்தைந்தாவது நிமிடம் அதே அட்டையில் இரண்டாவது கோடு வந்திருந்தது. அதே மங்கல்.

மருத்துவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார். "முந்தாநேத்து... இல்ல, நேத்து, எவ்ளோ நேரம் கழிச்சுப் பார்த்தேன் சார்?"

"கன்னுக்குட்டி போன பிறகு. அரை மணிக்கு மேலயே இருக்கும்."

புதிய பூனைக்குப் புதிய அட்டை பிரித்தார். மனைவி செல்போனில் நேரம் வைத்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிடம், ஒரு கோடு. அதையும் அவர் அப்படியே ஏற்கவில்லை. "இப்ப நெகட்டிவ்ன்றதால சந்தோஷப்பட்டு நம்பிடக் கூடாது. சென்னை லேபுக்கு ரத்தம் அனுப்பறேன். அதுவரைக்கும் தனியாவே வைங்க."

"ஹோல்டுல போடறீங்க," என்றாள் மனைவி. "அது எங்க லைன்லயும் கீது."

லேப் முடிவும் நோய் இல்லை என்றே வந்தது. இரண்டு மாதம் கழித்து அவர் சொன்னபடி மறுபடி சோதித்தோம், அப்போதும் இல்லை. அன்றைக்குப் புதிய பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டே அவரிடம் கேட்டேன், இதற்கு முன்னால் இப்படித் தாமதமாகப் பார்த்த அட்டைகள் எத்தனை இருக்கும் என்று. மனைவி என் கையைக் கிள்ளினாள்.

அவர் கோபப்படவில்லை. மேஜை மேலிருந்த நோட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினார்.

"பாசிட்டிவ், நெகட்டிவ்னு எழுதியிருக்கேன் சார். எத்தனை மணிக்குப் பார்த்தேன்னு ஒண்ணுத்துலயும் எழுதல."