சித்ரா வீசின நாத்துமுடி

போன வாரம், என் தங்கச்சி போற ஸ்பெஷல் சென்டர்லேர்ந்து ஒரு ஃபோன்.

"அக்கா, கொஞ்சம் நேர்ல வர முடியுமா?"

இந்த "நேர்ல வாங்க"வ நான் ஏற்கெனவே ரெண்டு எடத்துல கேட்டிருக்கேன். ரெண்டு தடவையும் தங்கச்சியக் கையோட கூட்டிட்டுத்தான் திரும்பினேன்.

சித்ரா என் தங்கச்சி. இருபத்தஞ்சு வயசு. ஆட்டிசம். வீட்ல நாலு வார்த்தை பேசுவா, வெளியாள்கிட்ட அதுவும் இல்ல. ரூமுக்குள்ள உக்கார வெச்சா கையில கெடைச்சதத் தூக்கி எறிவா. அதுக்காகத்தான் முன்னாடி எடத்துலல்லாம் வேணாம்னுட்டாங்க.

இந்த சென்டர்ல தோட்டம் இருக்கு. மண்ணுல கைய வெச்சதுலேர்ந்து புள்ள அடங்கிட்டா. ராத்திரி நல்லா தூங்குறா. எங்கம்மாவும் தூங்குறாங்க. (நானும்தான்.)

இந்த எடமும் போயிடக்கூடாது. திருத்துறைப்பூண்டி ரோட்ல ஸ்கூட்டி ஓட்டிக்கிட்டே சண்டைக்கு டயலாக் தயார் பண்ணிட்டேன். சத்தமா. (பக்கத்துல வந்த பஸ் டிரைவர் ஒரு மாதிரி பாத்தார்.)

ஃபோன் பண்ணின ஃபர்ஸானா டீச்சர் நேரா தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

பிள்ளைங்க எல்லாரும் சேந்து விதை போட்டு வளத்த கத்தரி நாத்து. பாத்தி மொத்தமும் காலி.

"எல்லாத்தையும் புடுங்கிட்டா அக்கா. மத்தவங்கல்லாம் ஒரே அழுகை. நாளைலேர்ந்து உள்ள பாசிமணி கோக்குற குரூப்ல விடலாம்னு பாக்குறேன்."

உள்ள. அதாவது ரூமுக்குள்ள. தயார் பண்ண டயலாக்க எடுத்து விடலாம்னு வாயத் தொறந்தேன்.

அப்பதான் தண்ணித் தொட்டி ஓரத்தப் பாத்தேன். புடுங்கின நாத்தெல்லாம் வேர் மண்ணு அலசி, கைப்பிடி கைப்பிடியா வாழை நாருல கட்டி, வரிசையா இருந்துச்சு. பக்கத்துலயே சித்ரா.

எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. (அந்த நேரத்துல சிரிச்சது தப்புதான்.)

எங்கம்மா நடவு வேலைக்குப் போறவங்க. சித்ராவ வீட்ல விட ஆளில்லாம, சின்னதுலேர்ந்து கூடவே கூட்டிட்டுப் போயி வரப்புல உக்கார வெச்சிருப்பாங்க. நெல்லு நாத்தப் பறிக்கிறது, அலசுறது, கைப்பிடியாச் சேத்து முடியாக் கட்டுறது, அவ பாத்து வளந்தது அதைத்தான்.

"டீச்சர், அவ நாசம் பண்ணல. நாத்துன்னா பறிச்சு நடணும்னு தெரியும். நடவுக்குத் தயார் பண்ணி வெச்சிருக்கா."

"எங்க வீட்ல கடை வியாபாரம் அக்கா. நெல்ல நான் அரிசியாத்தான் பாத்திருக்கேன்."

சொல்லி வாய மூடல, சித்ரா ஒரு முடியத் தூக்கி வீசினா. தொப்புன்னு டீச்சர் காலடில விழுந்துச்சு.

எனக்கு உசுரே போயிடுச்சு. எறியறதுக்குத்தானே ரெண்டு எடத்துல அனுப்பினாங்க.

டீச்சர் மொகமும் மாறிடுச்சு. "பாத்தீங்களா அக்கா..."

"இல்ல டீச்சர், இது கோவமில்ல. வயல்ல முடிய இப்படித்தான் வீசிப் போடுவாங்க, நடுற ஆளு கைக்கு எட்டுற மாதிரி. உங்கள நடச் சொல்றா."

டீச்சர் என்னைப் பாத்தாங்க, முடியப் பாத்தாங்க. அப்புறம் துப்பட்டாவ இடுப்புல சொருகிட்டு, குந்தி உக்காந்து, நாரப் பிரிச்சு ஒரு நாத்த நட்டாங்க.

அடுத்த முடி, அழுதுக்கிட்டிருந்த ஒரு பொண்ணு முன்னாடி விழுந்துச்சு. அதுவும் அழுகைய நிறுத்திட்டு உக்காந்துச்சு. கொஞ்ச நேரத்துல எல்லாரும் பாத்திலதான்.

சித்ரா பின்னாடியே வந்து டீச்சர் நட்டதக் குனிஞ்சு பாத்தா.

"தள்ளி நடு" அப்படின்னா.

வெளியாள்கிட்ட அவ பேசி நான் கேட்டது அதான் முதல் தடவை. டீச்சர் மறுபேச்சு பேசாம தள்ளி நட்டாங்க. நான் அங்கேயே நின்னு அழுதேன்.

பொய் சொல்லக்கூடாது, நாத்துல பாதி வாடிப்போச்சு. மீதி தலை தூக்கிடுச்சு. பாசி கோக்குற பேச்ச அதுக்கப்புறம் யாரும் எடுக்கல. வாடின எடத்துக்குன்னு புதுசா விதை போட்டிருக்காங்க.

இன்னைக்கு டீச்சர் மறுபடி ஃபோன்.

"அக்கா, புது நாத்த எப்ப பறிக்கலாம்னு சித்ராகிட்ட கேட்டுச் சொல்லுங்களேன்."

கேட்டேன்.

"நாளைக்கு"ங்கிறா.

(விதை போட்டதே முந்தாநேத்துதான். அவகிட்ட நான் சொல்ல மாட்டேன்ப்பா, உங்கள்ல யாராச்சும் வந்து சொல்றீங்களா?)