பட்டியலில் இல்லாத கேள்வி

உத்திரமேரூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் உள்தணிக்கைக்கு செக்லிஸ்ட் தயாரிப்பது என் வேலை. ஒரு முறை பழைய பட்டியலிலேயே தேதியை மட்டும் மாற்றிக்கொண்டு போனேன். ‘பிரஸ் மிஷினில் கை உள்ளே போகாமல் தடுக்கும் கதவு உள்ளதா?’ என்ற கேள்வி இருந்தது. டிக் அடித்தேன்.

மிஷின் ஓட்டும் அஞ்சலை, “கதவு கீது சார். டார்கெட் முடியணும்னு கம்பியால மேல தூக்கிக் கட்டிக்கினுதான் ஓட்றோம். அத்த எழுதிக்கோங்க” என்றாள்.

“லிஸ்டுல அந்தக் கேள்வி இல்லம்மா.”

மறுவாரம் அதே மிஷினில் அவளுக்கு மூன்று விரல்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், “இப்பவாச்சும் அந்தக் கேள்விய சேத்துட்டீங்களா சார்?” என்றாள்.

அன்று காலையில்தான் சேர்த்திருந்தேன்.

‘கதவை மூடி ஓட்டுகிறார்களா?’ ஒவ்வொரு தணிக்கையிலும் ‘இல்லை’ என்றுதான் எழுதிக் கொடுக்கிறேன். கதவு இன்றைக்கும் கம்பியில்தான் தொங்குகிறது.