பிள்ளை நித்திரை

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த ஒரு கொமுட்டர் ரயிலில் இருந்த அம்மாவைப் பொறுத்தவரை, நான் செத்துப் போயிருந்தேன். அப்போது எனக்கு எட்டு வயது. உண்மையில் அந்த நேரம் நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பக்கத்து வீட்டு ஆன்டியின் கட்டிலில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினேன். பிறகு எழுந்து உட்கார்ந்து மைலோவில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றேன். இந்த இரண்டு சங்கதிகளுக்கும் நடுவில் நின்றது ஒரே ஒரு தமிழ்ச் சொல். மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது.

எங்கள் வீட்டில் எல்லோரும் தூங்குவோம். அப்பா லோரி ஓட்டிவிட்டு வந்து தூங்குவார். நான் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் தூங்குவேன். நித்திரை மட்டும் யாரும் செய்வதில்லை. அந்தச் சொல் எங்கள் வீட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தது. கூடத்துச் சுவரில் அண்ணனின் படத்துக்குக் கீழே, 'கர்த்தருக்குள் நித்திரை' என்று தங்க எழுத்தில் போட்டிருக்கும். நான் பிறப்பதற்கு முன்பே, நடக்கப் பழகுகிற வயதில், காய்ச்சல் கண்டு போய்விட்டவன் அவன். காய்ச்சல் இறங்கிவிட்டது, போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அம்மா திரும்பி வந்தபோது பிள்ளை தூங்குகிறான் என்றுதான் நினைத்தாராம். எங்கள் சபையில் யார் இறந்தாலும் போதகர் 'நித்திரை அடைந்தார்' என்றே அறிவிப்பார். ஆகவே அந்தச் சொல்லுக்குத் தூக்கம் என்று ஒரு பொருள் இருப்பதே எனக்கு வெகுநாள் தெரியாது.

அண்ணன் அப்படிப் போனதால் அம்மா என்னைத் தூங்கவே விடவில்லை என்று சொன்னால் அது மிகை. தூங்க விடுவார். ஆனால் அடிக்கடி வந்து மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பார். விரலில் பூண்டு வாசம் அடிக்கும், எனக்கு முழிப்பு வந்துவிடும். "மூச்சு விடுறேன்மா" என்று கண்ணைத் திறக்காமலே சொல்லப் பழகிவிட்டேன். மற்ற பிள்ளைகளுக்கும் இப்படித்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு முந்தைய பரபரப்பில் எனக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா கிள்ளானில், லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக்கடையில் வேலை பார்த்தார். வருடம் முழுக்க ஈயோட்டுகிற கடையில் அந்த நாள்களில் மட்டும் நிற்க இடமிருக்காது. தீபாவளி கொண்டாடாத அம்மாதான் ஊருக்கெல்லாம் தீபாவளிச் சேலை எடுத்துக் கொடுப்பார். லீவு கேட்டதற்கு முதலாளி, கேட்காத மாதிரி துணியை மடித்துக்கொண்டே இருந்தாராம். அப்பா லோரியோடு ஜொகூர் பக்கம் போயிருந்தார். ரத்தம் எடுத்துப் பார்த்த கிளினிக் டாக்டர், டிங்கிக் காய்ச்சல் இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான் என்றார். அம்மாவுக்கு அந்தச் 'சாதாரணம்' பிடிக்கவில்லை. அவரிடமே இரண்டாவது தடவை கேட்டார், வெளியே வந்து மருந்து கொடுக்கும் பெண்ணிடமும் கேட்டார்.

வேறு வழியில்லாமல்தான் என்னைப் பக்கத்து வீட்டு ஆன்டியிடம் விட்டார். ஆன்டி யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். நெற்றியில் எப்போதும் பளிச்சென்று விபூதி இருக்கும். அவர் எங்கள் மாடிக்குக் குடிவந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அம்மாவும் அவரும் வராந்தாவில் பார்த்துக்கொண்டால் பாதி ஆங்கிலத்திலும் பாதி மலாயிலும் தண்ணீர் வராததைப் பற்றியும் லிஃப்ட் வேலை செய்யாததைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள். தமிழுக்கு அதிகம் வேலை வந்ததில்லை. என்னை அவர் வாசலில் விடும்போது அம்மா என் காதில், "விபூதி குடுத்தா பூசிக்காத. அதுக்காக மூஞ்சில அடிச்ச மாதிரி வேணாங்காத லா" என்றார். இதை எப்படிச் செய்வது என்று யோசித்தே எனக்குப் பாதிக் காய்ச்சல் கூடியது. ஆன்டி விபூதியே கொடுக்கவில்லை. கஞ்சி கொடுத்தார்.

அன்று அம்மாவுக்கு வேலை ஓடவில்லை. ஒரு சேலையை விரிப்பார், போனை எடுப்பார். டெம்பரேச்சர் எவ்வளவு, தண்ணி குடித்தாளா, கண் சிவந்திருக்கிறதா, கையில் புள்ளி ஏதும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆன்டியும் சலிக்காமல் ஆங்கிலத்தில் அறிக்கை கொடுத்தார். மத்தியானத்துக்கு மேல் காய்ச்சல் ஏறி நான் முனகத் தொடங்கியதும் அவரும் பயந்துபோனார். ஈரத்துணி போட்டு, மருந்தை ஊட்டி, என் காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பொழுது சாயும் வேளையில் எனக்கு வேர்த்து, காய்ச்சல் விட்டது. நான் தூங்கினேன். அந்த நிம்மதியில் ஆன்டியின் ஆங்கிலம் எங்கோ போய்விட்டது. அம்மா அடுத்த முறை கூப்பிட்டபோது, தன் அம்மாவிடம் கற்ற தமிழில் பதில் சொன்னார்.

"கன நேரம் அனுங்கிக்கொண்டு கிடந்தவ. இப்பதான் நித்திரையாப் போனா. இனி ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. நீங்கள் ஆறுதலா வாங்கோ."

பின்னாளில் இருவருமே இதை எனக்குத் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வார்த்தைகூட மாறவில்லை. ஆன்டி சொன்னது, பிள்ளை தூங்கிவிட்டாள், கவலைப்படாமல் மெதுவாக வாருங்கள் என்பது. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு நித்திரை என்றால் தினமும் கொள்கிற தூக்கம். ஆறுதலாக என்றால் அவசரப்படாமல். அம்மா கேட்டதோ தங்க எழுத்தில் எழுதியிருந்த நித்திரையை. அதற்குப் பின்னால் ஆறுதல் வேறு.

கையிலிருந்த போன் சேலைக் குவியலில் விழுந்தது. அதை எடுக்கவில்லை. கடையில் கூட வேலை பார்த்த பெண்ணிடம், "என் பொண்ணு போயிட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்.

அந்தப் பெண் நல்லவள்தான், நல்லது செய்ய நினைத்துத்தான் செய்தாள். விழுந்த போனை எடுத்து, அதிலிருந்த மாமாவின் எண்ணுக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னாள். கிள்ளானில் இருந்த மாமா, பிரிக்ஃபீல்ட்ஸ் சபைப் போதகருக்குச் சொன்னார். பிறகு தானும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பி, ஃபெடரல் ஹைவே நெரிசலில் மாட்டிக்கொண்டார். போதகர் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. மாதர் சங்கத்துப் பெண்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு, பாட்டுப் புத்தகங்களோடு, சற்று நேரத்தில் ஆன்டி வீட்டு வாசலில் நின்றார்.

ஆன்டிக்குச் சந்தோஷம். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஜெபம் பண்ண இத்தனை பேர் வந்திருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோனார். "மெல்லமா வாங்கோ, பிள்ளை நித்திரை" என்று உதட்டில் விரலை வைத்தார். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார்கள். கட்டிலைச் சுற்றி நின்று, ஆன்டி கேட்டுக்கொண்டபடியே, தணிந்த குரலில் பாடினார்கள். ஆன்டி சமையலறையில் எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டார். பாடியவர்களில் ஒருவர், இந்த அம்மா எவ்வளவு தைரியமாக இருக்கிறார் என்று வியந்தாராம்.

எனக்கு முழிப்பு வந்தபோது போதகர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். ஜெபம் நடக்கும்போது அசையக் கூடாது என்பது ஞாயிறு பள்ளிப் பாடம்; நான் அசையவில்லை. சிறுமி, மடி, பரலோகம் என்று என்னவோ காதில் விழுந்தது. எனக்கு அவசரமாக ஒன்றுக்கு வேறு வந்தது. அவர் ஒருவழியாக முடித்ததும், எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தபடி சத்தமாக "ஆமென்" என்றேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. ஒரு பாட்டுப் புத்தகம் என் காலில் விழுந்தது. ஒருவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். வேதத்தில் இயேசு இப்படிச் சாவிலிருந்து எழுப்பிய சிறுமியைப் பற்றி எனக்கே தெரியும். மாதர் சங்கத் தலைவிக்கு அவள் ஞாபகம் உடனே வந்துவிட்டது. இன்றுவரை அவர் சாட்சி சொல்ல நிற்கும் இடமெல்லாம் நான் மரித்து எழுந்துகொண்டிருக்கிறேன். தேத்தண்ணித் தட்டோடு வந்த ஆன்டிதான் ஒன்றும் புரியாமல் நின்றார். போதகர் தயங்கித் தயங்கி, ஏன் வந்தோம் என்று விளக்கினார். தட்டைக் கீழே வைத்துவிட்டு ஆன்டி என்னைப் பார்த்தார். பிறகு, "ஐயோ, அந்தத் தாய்" என்றார்.

அப்போதுதான் எல்லோருக்கும் அம்மாவின் நினைவு வந்தது. போன் பண்ணினார்கள். அது சேலைக்கடையில் அடித்தது. கடைப் பெண் எடுத்து, செய்தியைக் கேட்டுச் சந்தோஷத்தில் அழுதாள். மாமாவுக்குச் சொன்னார்கள். அவர் நெரிசலில் இருந்தபடியே ஸ்தோத்திரம் சொன்னார். உலகத்தில் யார் யாருக்கோ நான் உயிரோடு இருப்பது தெரிந்துவிட்டது, அம்மாவுக்கு மட்டும் சொல்ல வழியில்லை. போதகர் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ஓடினார். வேலை விட்டு வரும் கூட்டத்தில் அம்மா அவரைத் தாண்டிப் போனதை அவர் பார்க்கவில்லை. ஆன்டி வாசலுக்கும் வராந்தாச் சுவருக்குமாக நடந்துகொண்டே இருந்தார். நான் மைலோ குடித்தேன். எல்லோரும் ஏன் இப்படிக் குட்டிபோட்ட பூனை மாதிரி அலைகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அம்மா வந்தபோது ஓடி வரவில்லை. லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறி வந்தவர், வராந்தாவின் கோடியில் எங்களைக் கண்டதும் நின்றுவிட்டார். நான், "காய்ச்சல் போச்சும்மா" என்று கத்தினேன். அவர் மெதுவாக வந்து என் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார். மூக்கில் விரலை வைக்கவில்லை. என் பாதத்தைப் பிடித்துப் பார்த்தார், கணுக்காலைப் பிடித்துப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார். கறிக்கடையில் கோழியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாரே என்று எனக்குக் கூச்சமாகப் போயிற்று. பிறகு முதுகில் ஓர் அடி வைத்தார். வலித்தது. அதன் பிறகுதான் அழுதார்.

ஆன்டி பலமுறை மன்னிப்புக் கேட்டார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்னா பண்ணுவீங்க ஆன்டி, நான்தான் தப்பா கேட்டுட்டேன்" என்றார். அதன் பிறகு ஆன்டி எங்களிடம் நித்திரை என்ற சொல்லையே எடுத்ததில்லை. 'தூங்குறா' என்பதை, பரீட்சையில் பதில் எழுதுகிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொல்வார்.

ஒருவழியாக வந்து சேர்ந்த மாமா, சபை மூப்பர் என்பதால், "ரயில்ல ஜெபம் பண்ணிக்கிட்டே வந்திருப்ப, அதான் கர்த்தர் காப்பாத்திட்டாரு" என்றார்.

"இல்லண்ணே" என்றார் அம்மா. "அவர்கிட்ட நான் ஒரு வார்த்த பேசல."

மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இரண்டாவது தேத்தண்ணி கேட்டார்.

அந்த ஞாயிறு ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தோம். மாதர் சங்கத் தலைவி சாட்சி சொன்னார், நான் புதுச் சட்டையில் எழுந்து நின்று எல்லோருக்கும் என்னைக் காட்டினேன். பிறகு பரமண்டல ஜெபம். அம்மா என் கையைப் பிடித்தபடி மற்றவர்களோடு சொல்லிக்கொண்டு வந்தார். 'உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக' என்கிற வரி வந்ததும் அவர் குரல் நின்றுவிட்டது. அப்பம் கேட்கிற இடத்தில் மறுபடியும் சேர்ந்துகொண்டார். அடுத்த வாரமும் அப்படியே, அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. மனப்பாட வசனத்தில் பரிசு வாங்கியவள் நான். அம்மாவுக்கு அந்த வரி மறந்துபோய்விட்டது, சபையில் கேட்க வெட்கப்படுகிறார் என்று கண்டுபிடித்துவிட்டேன்.

ஒரு சாயங்காலம் அவரை உட்காரவைத்து, சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும்படி பாடம் எடுத்தேன். மற்ற எல்லா வரிகளும் சரளமாக வந்தன. அந்த இடம் வந்ததும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஒரு வரிய மட்டும் நீ சொல்லிடுறியா, எனக்கும் சேர்த்து?" என்றார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அந்த வரியை இரண்டு முறை சொன்னேன். எனக்காக ஒரு தடவை மெதுவாக, அம்மாவுக்காக ஒரு தடவை, பரலோகத்துக்கே கேட்கட்டும் என்று உரக்க. உரக்கச் சொல்லும்போதெல்லாம் அம்மா என் கையை ஏன் அப்படி நெரித்தார் என்று எனக்குத் தெரியவில்லை. நன்றாகச் சொல்கிறேன் என்பதற்காகத்தான் என்று நினைத்து, இன்னும் உரக்கச் சொன்னேன்.