பக்கத்து இருக்கைகள்

ஃபுசாயே என்ற பெயரைக் கினுயோ முதன்முதலில் கேட்டது அவளுடைய சித்தி மகன் யசுஹிரோவின் வாயால்தான். துறைமுகத்தில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துத் திரிந்தவன் அவன். "ஐஸ் ஃபேக்டரியில ஃபுசாயேன்னு ஒருத்தி இருக்கா. கேமராவைத் தூக்கினா மூஞ்சியை மூடாத ஒரே பொண்ணு" என்றான். அவளையே கட்டிக்கொண்டான்.

கினுயோ நடத்திய பொதுக் குளியல்கூடத்துக்குத்தான் ஃபுசாயே தினமும் வருவாள். புற்றுநோய்க்கு ஒரு மார்பை எடுத்துவிட்டு வந்த முதல் நாள், துண்டை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நின்றாள். ஓட்டோ என்ற மீன்காரக் கிழவி அந்தத் துண்டைப் பிடுங்கினாள். "வாடி, ஒண்ணு கொறஞ்சா சோப்பு மிச்சம்!" என்று அவள் முதுகைத் தேய்க்க உட்கார்ந்தாள். எல்லோரும் சிரித்தார்கள், ஃபுசாயேயும்தான்.

வீட்டில் நிலைமை வேறு. அவள் உடை மாற்றினால் யசுஹிரோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். ஒருநாள் கேமராவை எடுத்தான். அதற்குப் பின்னால் இருந்துகொண்டு நெடுநேரம் பார்த்தான்.

"பாக்குறாரு அண்ணி" என்று கினுயோவிடம் சொன்னாள் ஃபுசாயே. "நடுவுல அந்தப் பொட்டி இருந்தாத்தான் பாக்குறாரு. இருக்கட்டும், பழகிடும்." பனிக்காலம் முழுக்க அவனுக்காகத் தழும்பைக் காட்டி உட்கார்ந்தாள்.

வசந்தத்தில் நகரத்துக் கண்காட்சியில் அந்தப் படங்கள் தொங்கின. பத்திரிகையிலும் வந்தன. ஊரில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பார்க்காதது போல இருப்பதுதானே அங்கே மரியாதை. குளியல்கூடத்தில் வானிலையைப் பேசினார்கள். ஃபுசாயேயின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து குளிக்கும் முக்காலிகள் காலியாகவே கிடந்தன.

கினுயோ கிழவியைப் பிடித்து உலுக்கினாள். "ஏன் பாட்டி, அவ முதுகுல முள்ளா மொளைச்சிருக்கு?"

"போடி இவளே. நேத்து வரைக்கும் அது வெறும் ஒடம்பு. இப்ப புருசன் பொண்டாட்டி அந்தரங்கம். அதுல நான் கை வெக்கலாமா?"

கினுயோவே கல்லாவை விட்டு இறங்கி முதுகு தேய்க்கும் துணியோடு போனாள். ஃபுசாயே தலையை அசைத்தாள். "வேணாம் அண்ணி. பாவம் பாத்து வர்றீங்க."

அன்று வீட்டில் அவள் புருஷனிடம் சொன்னாள்: "அதைக் கீழ வெச்சிட்டு ஒரே ஒரு தடவை பாருங்க."

யசுஹிரோ கேமராவைக் கீழே வைத்தான். கண் ஜன்னலுக்குப் போயிற்று. "வெளிச்சம் போயிடுச்சு" என்றான்.

ஃபுசாயே இப்போது ஹச்சினோஹே என்ற ஊரில் தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். கணவாய் மீன் காயவைக்கும் இடத்தில் வேலை. அந்த வீட்டிலேயே குளியலறை உண்டு. தனியாகத்தான் குளிக்கிறாள்.